ஆளுக்கொரு மணி

"அப்பா, என் கல்யாணத்துல நீங்க ஒரு விருந்தாளி. அவ்வளவுதான்" என்று மகள் சொன்னதும் டைம்கீப்பர் சிரித்தார். ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை. சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவியும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

முப்பத்துநாலு வருடம் பஸ் டிப்போவில் நேரம் பார்த்த மனிதர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போக வேண்டும் என்பதெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். ஓய்வுபெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் தெருவில் அவருக்கு டைம்கீப்பர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பென்ஷன் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

மகளைக் குற்றம் சொல்லவும் முடியாது. மூத்தவன் கல்யாணத்தில் நடந்த கூத்து அப்படி. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தடவைக்கு எண்பது பேர்தான் உட்கார முடியும், வந்திருந்ததோ நானூறு பேர். சுற்றுக்கு இருபத்திரண்டு நிமிடம் என்று வகுத்துக்கொண்டு, டிப்போவிலிருந்து கொண்டுவந்த விசிலோடு வாசலில் போய் நின்றார். முதல் விசிலுக்கு உட்கார வேண்டும், இரண்டாவது விசிலுக்கு எழுந்திருக்க வேண்டும். சம்பந்தியின் அண்ணன் வாய் நிறையச் சாப்பாட்டோடு எழுந்து நின்றவர், அப்படியே வெளியே நடந்து, காரில் ஏறி, வீட்டுக்கே போய்விட்டார். மருமகளின் வீட்டார் எட்டு மாதம் இந்த வாசலை மிதிக்கவில்லை. டைம்கீப்பரைக் கேட்டால், அன்றைக்கு நானூறு பேரும் இரண்டு மணிக்குள் சாப்பிட்டு முடித்தார்கள் என்பதை மட்டும்தான் சொல்வார்.

மகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். மாப்பிள்ளை, பக்கத்துப் பார்வை மங்குகிறது என்று அந்தக் கடைக்கு வந்த டிராக்டர் மெக்கானிக். ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு கிராமத்தில் அவன் குடும்பத்துக்குப் பழத்தோட்டம் இருந்தது. கல்யாணம் அங்கேதான் என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள். கோடைகாலம், சாயங்காலம், மரத்தடி. மொத்தம் நாற்பது பேர். நாற்காலி வரிசை கிடையாது. பாயும் முக்காலியும் அங்கங்கே கிடக்கும், பிடித்த இடத்தில் உட்காரலாம். மைக் கிடையாது. முகத்தில் பூச்சு கிடையாது. பதிவாளர் தோட்டத்துக்கே வருவார், இவர்கள் ஆளுக்கு நாலு வார்த்தை பேசிக் கையெழுத்துப் போடுவார்கள், எல்லாரும் சாப்பிடுவார்கள்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் டைம்கீப்பர்.

"சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல."

"வாக்குலன்னா?"

"வாக்குலன்னா வாக்குலதான்பா. யாரும் யாரையும் அவசரப்படுத்தக் கூடாது. இதுதான் இந்தக் கல்யாணமே. நீங்க மட்டும் அங்க வந்து யாரையாவது வரிசையில நிறுத்தினீங்கன்னு வச்சுக்கோங்க, நானும் அவரும் அப்பவே பைக்ல ஏறிப் போய், ரெஜிஸ்டர் ஆபீஸ்லயே கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவோம். விளையாட்டுக்குச் சொல்லல."

"சத்தியமா ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றார் டைம்கீப்பர்.

அந்தச் சத்தியம் செய்தபோது அவர் மனதில் கள்ளம் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கள்ளம் அப்புறம்தான் வந்தது. அதுவும் மகள் வாயாலேயே வந்தது. "பத்திரிகை எதுவும் அடிக்கலப்பா. உங்க பக்கத்து ஆளுங்களுக்கு நீங்களே போன்ல சொல்லிடுங்க" என்றாள். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். பதிவாளருக்கு ஆறு மணிக்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறதாம், ஐந்துக்கு வந்து ஆறுக்குள் கிளம்பிவிடுவாராம்.

அன்று பிற்பகல் முழுவதும் டைம்கீப்பர் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். மூத்தவனும் மருமகளும் போக, அவர் பக்கத்துச் சொந்தம் யார்? அக்காவும் அத்தானும், தம்பி, தங்கை. மூன்று வீடு. அந்த மூன்று வீட்டின் லட்சணமும் அவருக்கு மனப்பாடம். அத்தான் எந்த விசேஷத்துக்கும் சராசரியாக மூன்றரை மணி நேரம் தாமதம். தம்பி இரண்டரை மணி நேரம். தங்கை வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவாள், பாதி வழியில் அடுப்பை அணைத்தேனா என்று திரும்பிப் போவாள், மறுபடி கிளம்பி, பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பிப் போவாள்; அவளுக்கு இரண்டு மணி நேரம். ஐந்து மணி என்று சொன்னால் இவர்களில் ஒருத்தர்கூட ஏழு மணிக்கு முன்னால் தோட்டத்தில் கால் வைக்கப் போவதில்லை. பெற்ற மகளின் கல்யாணத்தில் தன் கூடப்பிறந்தவர்கள் என்று ஒரு ஈ காக்கைகூட இருக்காது.

டிப்போவில் இதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. ஒரு டிரைவர் வண்டியில் ஏறும் முன் ஏழு நிமிடம் டீ குடிப்பார் என்றால், அவருடைய தாளில் மட்டும் ஆறு மணி வண்டிக்கு ஐந்து ஐம்பத்துமூன்று என்று எழுதி வைப்பார். பதினைந்து நிமிடம் புகைபிடிக்கிறவருக்கு ஐந்து நாற்பத்தைந்து. ஆளுக்கொரு மணி. எல்லா வண்டியும் சரியாக ஆறுக்கு வெளியே போகும். யாருக்கும் எதுவும் தெரியாது. அவர் காலத்தில் அந்த டிப்போ நேரத்துக்குப் பேர்போனது இப்படித்தான்.

ஆனால் அத்தானிடம் போய் மதியம் ஒன்றரைக்கு வா என்று சும்மா சொல்ல முடியுமா? ஐந்து மணிக் கல்யாணத்துக்கு ஒன்றரைக்கு ஏன் என்று கேட்பார். காரணம் வேண்டும். டைம்கீப்பர் காரணத்தைத் தயாரித்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.

அத்தான் ஓய்வுபெற்ற சர்வேயர். அவரிடம், "அத்தான், தோட்டத்துல எல்லாம் கோணல்மாணலாக் கிடக்கு. ஒருத்தருக்கும் நேர்கோடு தெரியல. இடத்தை அளந்து கொடுக்க உங்களை விட்டா எனக்கு ஆள் ஏது? ஒன்றரைக்கு வந்துடுங்க" என்றார். தம்பி பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளர், குளியலறையில் பாடுகிறவன். அவனிடம், "கல்யாணத்துல நீ ஒரு பாட்டுப் பாடணும்டா. ஒத்திகை பாக்கணும், ரெண்டரைக்கு வந்துடு" என்றார். தங்கை மாடியில் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். ஆனால் சொந்தத்தில் யாரும் அவளிடம் முகத்தைக் கொடுப்பதில்லை. அவளிடம், "பொண்ணை நீதான் அலங்காரம் பண்ணணும். மூணு மணிக்கு வந்துடு" என்றார்.

மூன்று தடவையும் மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார் அவர். மனிதருக்கு வண்டிகளைப் பற்றித் தெரிந்த அளவுக்கு மனிதர்களைப் பற்றித் தெரியாது. எப்படியும் இவர்கள் வந்து சேர ஐந்து மணி ஆகும், அதற்குள் எல்லா வேலையும் முடிந்துவிட்டது என்று சொல்லி உட்கார வைத்துவிடலாம் என்பது அவர் திட்டம்.

கல்யாண நாளன்று காலை பத்து மணிக்கே டைம்கீப்பரும் மனைவியும் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். சம்பந்தியம்மா எலுமிச்சைச் சாறு கொடுத்து, "நீங்க எதுலயும் கைவைக்கக் கூடாது, உங்க பொண்ணு கண்டிப்பா சொல்லியிருக்கா" என்று ஒரு முக்காலியைக் காட்டினார். உட்கார்ந்தார். முக்காலிக்கு ஒரு கால் குட்டை. சொல்லவில்லை. பாய்களை வெயில் வரப்போகிற பக்கமாகப் பார்த்து விரித்தார்கள். சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளை கொட்டகையில் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"மாப்ளே, கல்யாணம் அஞ்சு மணிக்கு" என்றார் கால்களைப் பார்த்து.

"ஆமா மாமா. பார்த்துக்கலாம்" என்றன கால்கள்.

மணப்பெண்ணோ மாடி அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்று பட்டப்பகலில், மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, போர்வையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள்! டைம்கீப்பர் முக்காலியில் ஆடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். விருந்தாளியாக இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மணி ஒன்று பதினைந்துக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அத்தான் இறங்கினார்.

டைம்கீப்பர் முதலில் தன் கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டார். காதில் வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, கால் மணி முன்னாடியே வந்துட்டேன்" என்றார் அத்தான். தலையில் தொப்பி, தோளில் அளவு நாடா, கையில் ஒரு பை நிறைய முளைக்குச்சி. காரின் பின்பக்கத்தில் ஒரு மூட்டைச் சுண்ணாம்புத் தூள்.

அக்கா பின்னால் இறங்கி, டைம்கீப்பரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "டேய், நேத்து ராத்திரி மனுஷன் சரியாத் தூங்கலடா. அந்த டேப்பை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைக்கிறதும் சுருட்டுறதும்தான். ரிட்டயர் ஆனதுக்கப்புறம் இவரை ஒருத்தரும் ஒரு வேலைக்குக் கூப்பிட்டதில்ல. எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஒரு மூலையில உக்காந்து சாப்பிட்டுட்டு வரணும். அதுக்கு எதுக்குச் சீக்கிரம் போறதுன்னுதான் லேட்டாவே கிளம்புவாரு. நீ நல்லா இருப்படா" என்றாள்.

இத்தனை வருடமாகச் சராசரி எடுத்த டைம்கீப்பர், காரணத்தைக் கேட்டதே இல்லை.

இனி என்ன செய்வது? அத்தானைத் தோட்டத்தின் கடைசி மூலைக்கு அழைத்துப் போய், "இங்கேருந்து ஆரம்பிங்க, மெதுவாப் பண்ணுங்க" என்று விட்டுவிட்டு வந்தார். மெதுவாக என்ற சொல் அத்தானின் காதில் விழவே இல்லை.

இரண்டு இருபதுக்குத் தம்பி வந்தான். ஒரு சின்ன வேனில் வந்தான். வேனுக்குள் ஆள் உயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டி.

"எதுக்குடா இதெல்லாம்?"

"நாற்பது பேருன்னு சொன்னியேண்ணே, கடைசி ஆளுக்கும் கேக்க வேணாமா? மூணு வாரமா தினமும் சாதகம் பண்றேன். தொண்டை கெட்டுடும்னு பச்சைத் தண்ணி குடிக்கல." சொல்லும்போதே அவன் கண் கலங்கியது. "நம்ம வீட்டுல என்னைப் பாடச் சொன்ன முதல் ஆளு நீதான்ணே."

டைம்கீப்பர் மாடி ஜன்னலைப் பார்த்தார். மூடித்தான் இருந்தது. தம்பியையும் பெட்டிகளையும் டிராக்டர் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். "ஒத்திகையை மனசுக்குள்ளயே பாரு. ஒரு சத்தம் வெளிய வரக் கூடாது. அப்புறம் எல்லாருக்கும் திடீர்னு ஒரு சந்தோஷம், தெரியுதா?" என்றார். டிராக்டருக்கு அடியிலிருந்த கால்கள் எதுவும் சொல்லவில்லை.

மனைவி இதையெல்லாம் வாசல் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. "டைம்கீப்பரே" என்றாள். கோபம் வந்தால் மட்டும்தான் அவளும் அவரை அப்படிக் கூப்பிடுவாள். "ஆளுக்கொரு மணி சொல்லியிருக்கீங்க, அதானே?"

"எப்படியும் லேட்டாத்தானே வருவாங்கன்னு..."

"உங்க தங்கச்சிக்கு எத்தனை மணி?"

"மூணு."

மனைவி தோட்டத்து வாசலைக் கையால் காட்டினாள். தங்கை கையில் ஒரு பெரிய அலங்காரப் பெட்டியோடு வேகமாக உள்ளே வந்துகொண்டிருந்தாள். மணி மூன்று அடிக்க இரண்டு நிமிடம். அடுப்பை அணைத்தாளா, கதவைப் பூட்டினாளா என்பதெல்லாம் அவளுக்கு இன்றைக்கு நினைவிலேயே இல்லை. "பொண்ணு எங்க?" என்று சம்பந்தியம்மாவிடம் கேட்டு, அவர் மாடியைக் காட்டியதும், அண்ணனை ஏறிட்டும் பார்க்காமல் படியேறிப் போய்விட்டாள்.

டைம்கீப்பர் பின்னால் ஓடினார். பாதிப் படியில் மூச்சு வாங்கியது. அறுபது வயதில் ஓடிப் பழக்கமில்லை. அவர் காலத்தில் மற்றவர்கள்தான் ஓடினார்கள்.

மேலே நடந்தது இதுதான். மகள் அரைத் தூக்கத்தில் இருந்தாள். முகத்தில் ஏதோ மெத்தென்று படுகிறது, அம்மாதான் தடவிக் கொடுக்கிறாள் என்று நினைத்துச் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். தங்கை கைதேர்ந்தவள். ஐந்து நிமிடத்தில் இடது கண்ணை முடித்துவிட்டாள். மை, இமைக்கு மேல் நீலம், அதற்கு மேல் மினுமினுப்பு. வலது கண்ணுக்குப் போகிறபோதுதான் மகள் முழுசாக விழித்தாள்.

"அத்தை? நீங்க எப்படி... யாரு உங்களை வரச் சொன்னது?"

"உங்கப்பாதான்மா. ஆடாதே, கலைஞ்சிடும்."

அதே நேரம் கொட்டகையிலிருந்து, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஒரு குரல் தோட்டம் முழுக்க இடித்தது. மரத்திலிருந்த பறவைகள் மொத்தமாகக் கிளம்பின. தம்பிக்கு மனதுக்குள் பாடுவது போதவில்லை. மகள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். கீழே பச்சைப் புல் மேல் வெள்ளை வெளேரென்று பன்னிரண்டு கோடு. கோட்டுக்குக் கோடு முளைக்குச்சி, கயிறு. நாற்பது முக்காலியும் வரிசைக்குப் பத்தாக நான்கு வரிசை. ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்புக் கட்டியால் எண். அத்தான் நடுவில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, பதினேழாம் எண்ணை இரண்டு விரற்கடை இடதுபக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார்.

மகள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் டைம்கீப்பர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையும் களவுமாக அகப்பட்டவர்கள் எப்படி நிற்பார்களோ அப்படி.

"அப்பா. கீழ வாங்க."

ஒரு கண் கல்யாணத்துக்குத் தயாராகவும் ஒரு கண் தூக்கத்திலிருந்து எழுந்தது போலவும் அவள் படியிறங்கிப் போனதைப் பார்த்துச் சம்பந்தியம்மா வழிவிட்டு ஒதுங்கினார். மரத்தடியில் எல்லாரும் கூடிவிட்டார்கள். தங்கை பஞ்சோடு வந்தாள். தம்பி மைக்கோடு வந்தான். அத்தான் நாடாவோடு வந்தார். டைம்கீப்பர் உண்மையைச் சொன்னார். சொல்லத்தான் வேண்டியிருந்தது, மனைவி பக்கத்திலேயே நின்றாள்.

"பதிவாளர் ஆறு மணிக்குப் போயிடுவாருன்னு சொன்னியேம்மா. இவங்க எல்லாம் லேட்டா வருவாங்க. நம்ம பக்கம் ஒருத்தரும் இல்லாமப் போயிடுமேன்னு... ஆளுக்குத் தகுந்த மாதிரி முன்னாடி சொன்னேன். இப்படி நேரத்துக்கு வருவாங்கன்னு நான் கனவுலயும் நினைக்கல."

மகள் வாயைத் திறப்பதற்குள் அத்தான் கேட்டார். "எனக்கு எவ்வளவு போட்டே?"

"மூணரை மணி நேரம், அத்தான். சராசரி."

"அப்போ, அளக்க ஆள் வேணும்னு சொன்னது?"

டைம்கீப்பர் புல் மேலிருந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்தார். அத்தான் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் கோபப்படவில்லை. நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார். தம்பி மைக்கின் பொத்தானை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். தங்கை கையிலிருந்த பஞ்சைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். வேனும் காரும் வாசலில்தான் நின்றன. ஐந்து மணிக்கு ஆள் வேண்டும் என்றுதான் இத்தனையும் செய்தார். இப்போது மூன்று இருபதுக்கே மூன்று வீடும் கிளம்பிப் போய்விடும் போல இருந்தது.

"விசில் ஒண்ணுதான் பாக்கி" என்றாள் மகள். "நான் என்ன கேட்டேன் உங்ககிட்ட? ஒண்ணுமே செய்யாம இருங்கன்னுதானே கேட்டேன்? எங்க அவரு? நாங்க ஆபீஸுக்கே போறோம்."

"அதுதாம்மா என்னால முடியல" என்றார் டைம்கீப்பர். இந்த வார்த்தைகளை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. "விருந்தாளின்னு சொல்லிட்டே. காலையிலேருந்து அந்த முக்காலியில உக்காந்து பாக்கறேன். எம் பொண்ணு கல்யாணத்துல கையை எங்க வச்சுக்கறதுன்னு எனக்குத் தெரியல. ஒரு வேலையும் இல்லன்னா நான் இங்க யாரு? எங்க நிக்கிறது நான்?"

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள். அவர் நாடாவைச் சுருட்டி முடித்துவிட்டு, கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார். இரண்டு பேர் முகமும் ஒரே மாதிரி இருந்தது. ஒருத்தருக்கு அந்த முகத்தைக் கொடுத்தது அப்பா, இன்னொருத்தருக்குக் கொடுத்தது தான்தான் என்று அவளுக்கு அந்த நேரத்தில் தெரிந்துவிட்டது. அவள் கண் பரிசோதிக்கிறவள்; எதிரே இருப்பதை அவளுக்குப் பார்க்கத் தெரியும்.

இந்தச் சமயம் பார்த்து மாப்பிள்ளை கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். மரத்தடியில் நடந்த எதுவும் அவனுக்குத் தெரியாது. புல்லைப் பார்த்தவன் அப்படியே குந்திவிட்டான்.

"யாரு போட்டது இந்தக் கோடு? நூல் பிடிச்ச மாதிரி இருக்கு! பெரியவரே, நீங்களா? பக்கத்துத் தோட்டத்துக்காரன் வேலியை உள்ள தள்ளிப் போட்டிருக்கான்னு எங்கப்பா பத்து வருஷமாச் சொல்லிட்டே இருக்காரு. ஒருதடவை அதையும் அளந்து சொல்ல முடியுமா?"

அத்தான் ஒரு வினாடி டைம்கீப்பரைப் பார்த்தார். பிறகு நாடாவை மறுபடி இழுத்தார். "எந்தப் பக்கம் வேலி?"

"கல்யாணம் முடிஞ்சு பார்த்துக்கலாம்."

"அதெல்லாம் வேண்டாம், வெளிச்சம் இருக்கும்போதே பாக்கணும்" என்றார் அத்தான்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒற்றைக் கண் மையோடு சிரித்தாள். அழுகையும் கூடவே வந்ததால் அந்த ஒற்றைக் கண்ணும் கலைந்தது. "அடடா, அழாதேடி" என்று தங்கை பஞ்சை எடுத்துக்கொண்டு பாய்ந்தாள்.

"அத்தை, இன்னொரு கண்ணையும் போட்டு விடுங்க. ஒண்ணோட நின்னா ஊரே சிரிக்கும். ஆனா நீலம் வேண்டாம், கண்ணோட நிறுத்திக்கணும். சித்தப்பா, மைக் இல்லாமப் பாடுவீங்களா?"

"பெட்டியைத் திருப்பி அனுப்பிடறேன்" என்றான் தம்பி உடனே. பிறகு, "ரெண்டு பாட்டு பாடலாமாம்மா?" என்று கேட்டான்.

"ரெண்டு போதும். மாமா, கோடு அப்படியே இருக்கட்டும், பசங்க அதுல ஓடி விளையாடட்டும். முக்காலியை மட்டும் கலைச்சுப் போட்டுடலாம்." கடைசியில் டைம்கீப்பர் பக்கம் திரும்பினாள். "அப்பா, எப்ப ஆரம்பிக்கறதுன்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் ஆரம்பிப்போம். வேற எதுவும் செய்யக் கூடாது."

"சரிம்மா" என்றார் டைம்கீப்பர்.

நாலரைக்கு மூத்தவனும் மருமகளும், டிப்போவிலிருந்து பழைய டிரைவர்கள் நாலு பேரும் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வந்தார்கள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பதிவாளர் தன் தடித்த புத்தகத்தோடு வந்து ஒரு மேசையில் உட்கார்ந்தார். வெயில் இறங்கி மரத்தடி நிழல் நீண்டிருந்தது. தம்பி மைக் இல்லாமல் பாடினான். சுமாராகப் பாடினான். ஆனால் அவன் பாடி முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள், அவன் முகத்தைப் பார்த்த பிறகு தட்டாமல் இருக்க முடியாது. இந்தக் குடும்பத்தின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒரு விசேஷத்துக்கு அத்தனை பேரும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

மணி ஐந்து.

"ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார் பதிவாளர். மரத்தடியில் மகளும் மாப்பிள்ளையும் நின்றார்கள். மாப்பிள்ளை நகத்தில் இன்னும் கிரீஸ் இருந்தது. மகள் அப்பாவைப் பார்த்தாள். நாற்பது பேரும் டைம்கீப்பரைப் பார்த்தார்கள்.

டைம்கீப்பர் வாயைத் திறந்தார்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, ஒரே நிமிஷம் சார், வீட்டுக்காரர் பின்னாடி வர்றார் என்று கெஞ்சிய எத்தனையோ பெண்களுக்கு அவர் ஒரு வண்டியையும் நிறுத்தி வைத்ததில்லை. நேரம் என்றால் நேரம். இப்போது நிறுத்தி வைக்கக் காரணம்கூட இல்லை. வர வேண்டியவர்கள் எல்லாரும் வந்தாயிற்று. ஒரு வார்த்தை சொன்னால் மகள் போய்விடுவாள். நல்ல இடத்துக்குத்தான் போகிறாள், இரண்டு மணி நேரப் பயணத்தில்தான் இருக்கப் போகிறாள், எல்லாம் தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தை நெஞ்சை விட்டு மேலே ஏறவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்றார்.

"யாராவது வரணுமா?" என்றார் பதிவாளர்.

"ஆமா. ஒருத்தர் வரணும்."

அக்கா தலைகளை எண்ணிப் பார்த்தாள். "யாருடா? எல்லாரும்தான் வந்தாச்சே" என்றாள். மனைவி அவள் கையைப் பிடித்து, "இவருதான் இன்னும் வந்து சேரல" என்று காதோடு சொன்னாள். அக்கா வாயை மூடிக்கொண்டாள். டிப்போ டிரைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மகள் மரத்தடியை விட்டு நடந்து வந்தாள். அவருக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் டிப்போவில் அவர் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்ததுபோல, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வரட்டும்பா" என்றாள். "அவசரமில்ல."

மாப்பிள்ளையும் வந்து அந்தப் பக்கம் உட்கார்ந்தான். பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை மூடி வைத்தார். குழந்தைகள் வெள்ளைக் கோட்டில் ஓடிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து வாசலில் ஒருவரும் வரவில்லை. டைம்கீப்பர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகளும் அவரோடு சேர்ந்து, யாரோ உண்மையிலேயே வரப்போவதுபோல அந்தப் பக்கமே பார்த்தாள்.

ஐந்து பதினேழுக்கு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மகளுக்குக் கைகொடுத்து எழுப்பினார்.

"வந்தாச்சும்மா" என்றார். "போலாம்."